உழவு இயந்திரத்தின் கிளச்சுத் தட்டைப் பண்ணையிலேயே மாற்றுதல்

பெரும்போகத்தின் முதல் மழை விழுந்ததும் உழவு இயந்திரங்கள் யாவும் ஒரே வாரத்தில் வயலுக்கு இறங்குகின்றன. கிளச்சுப் பழுதுபடுவதும் பெரும்பாலும் அந்த வாரத்திலேயேயாம். அப்பொழுது திருத்தகங்களிற் காத்திருக்கும் வரிசை நீளும். உதிரிப் பாகங்களும் எளிதிற் கிடையா. விதைப்பு இரண்டு வாரம் பிந்தினால் அதன் விளைவை அறுவடையிற் காணலாம். ஆகையால், கிளச்சிற் குறை தோன்றத் தொடங்கிய கமக்காரர், சிறுபோக அறுவடைக்கும் பெரும்போக உழவுக்கும் இடைப்பட்ட ஓய்வுக் காலத்திலேயே அதனைக் கவனித்தல் நன்று. சமதளமான சீமெந்துத் தரையும், வலிய ஜக்குகள் இரண்டும், நிதானமுள்ள துணையாள் ஒருவரும் இருப்பின், இவ்வேலையைக் கமக்காரர் தமது கொட்டிலிலேயே ஒன்றிரண்டு நாளிற் செய்து முடிக்கலாம்.

இங்கு கூறப்படுவன, நம் நாட்டு வயல்களில் இன்றும் காணப்படும் மசி பேர்கசன் 135 போன்ற நான்கு சில்லு உழவு இயந்திரங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மோட்டார் வாகனத்திற் கிளச்சை மாற்றுபவர் கியர்ப் பெட்டியை மட்டும் கீழே இறக்குவர். உழவு இயந்திரத்திலோ எஞ்சினும் கியர்ப் பெட்டியும் பின் அச்சுமே அதன் உடலாகும். அவற்றைத் தாங்கத் தனியான சட்டம் இல்லை. எனவே கிளச்சை அடைவதற்கு இயந்திரத்தையே நடுவில் இரண்டாகப் பிரித்தல் வேண்டும். ஏறக்குறைய ஒன்றரைத் தொன் நிறையுள்ள ஒன்றை இரு துண்டாக்கி நிறுத்துவது விளையாட்டன்று. இவ்வேலையில் வரக்கூடிய பெரும் ஆபத்து அப்பிரிப்பிலேயே உள்ளது. (இரு சில்லு உழவு இயந்திரத்தின் கிளச்சுப் பட்டிச் சில்லின் உள்ளே அமைந்திருப்பதால், அதற்கு இம்முறை பொருந்தாது.)

கிளச்சு வேலை செய்யும் முறை

எஞ்சினின் பின்புறத்தே பிளைவீல் எனப்படும் பாரச் சில்லு சுழல்கிறது. அதன்மேல் ஓர் உறையும், உறையினுள்ளே வலிய விற்களால் தள்ளப்படும் அழுத்தத் தட்டும் பூட்டப்பட்டுள்ளன. இவ்விரண்டு இரும்பு முகங்களுக்கும் இடையே கிளச்சுத் தட்டு நெருக்குண்டு நிற்கிறது. தட்டின் இரு பக்கங்களிலும் லைனிங் தறையாணிகளாற் பதிக்கப்பட்டிருக்கும். தட்டின் நடுக் குடத்திலுள்ள பள்ளவரிகளினூடாகக் கியர்ப் பெட்டித் தண்டு செல்கிறது. மிதியை அழுத்தும்போது விடுவிப்புப் பெயறிங் முன்னே நகர்ந்து உறையிலுள்ள விரல்களை அழுத்தும். அழுத்தத் தட்டுப் பின்வாங்கும். கிளச்சுத் தட்டு விடுபட்டு நிற்கும். மிதியை விட்டவுடன் விற்கள் மீண்டும் அதனை நெருக்கிப் பிடிக்கும்.

சில இயந்திரங்களில் இரட்டைக் கிளச்சு உண்டு. மிதியைப் பாதி அழுத்தினாற் சில்லுகளுக்குச் செல்லும் வலு நிற்கும்; முழுதும் அழுத்தினால் வலு எடுப்புத் தண்டும் நிற்கும். உங்கள் இயந்திரம் எவ்வகையினது என்பதைப் பாகங்கள் வாங்குமுன் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பழுதை அறிதல்

இயந்திரத்தைப் பிரிக்குமுன் உண்மையிலேயே பிரிக்க வேண்டுமா என்று ஆராய்க. மிதியிற் சுயாதீன அசைவு இல்லாது போனமையாற் கிளச்சு வழுக்குவதைக் கண்டு, தட்டுத் தேய்ந்துவிட்டதென முடிவு கட்டுவோர் பலர். லைனிங் தேயத் தேய, விரல்கள் பெயறிங்கை நோக்கிப் பின்னே வரும். மிதியின் தொடக்கத்தில் இருந்த வெற்றசைவு குறையும். இறுதியிற் பெயறிங் எந்நேரமும் விரல்களைத் தொட்டு அழுத்திக்கொண்டிருக்கும். அந்நிலையிற் புதிய தட்டாயினும் வழுக்கும். ஆகவே முதலில் மிதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். எவ்விதத் தடையுமின்றி அது சிறிது தூரம் செல்லுதல் வேண்டும். செல்லாதாயின், இணைகோலைச் சீராக்கிய பின்னர் ஒருநாள் வேலை செய்து பார்த்து, அதன்பின் முடிவு செய்க.

சீராக்கியும் வழுக்குமாயின் பின்வருமாறு சோதிக்கலாம். இயந்திரத்தின் முன்னே எவரும் நில்லாதவாறு பார்த்து, பிரேக்கை நன்கு இறுக்கி, உயர்ந்த கியரில் இட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு மிதியை மெதுவாக விடுங்கள். கிளச்சு நன்றாயிருப்பின் எஞ்சின் திணறி நின்றுவிடும். நில்லாமல் ஓடிக்கொண்டேயிருந்தாற் கிளச்சு வழுக்குகிறது. இச்சோதனையை ஒரு முறை செய்தாற் போதும். மீண்டும் மீண்டும் செய்வது எஞ்சியுள்ள லைனிங்கையும் எரிப்பதாகும்.

ஓசையைக்கொண்டும் பலவற்றை அறியலாம். மிதியைச் சற்றே அழுத்தியவுடன் கீச்சென்ற ஓசை எழுமாயின் விடுவிப்புப் பெயறிங் தேய்ந்துள்ளது. மிதியை முழுதும் அழுத்திக் கியரில் இட்டு நிற்கும்போது மட்டும் ஓசை வருமாயின், பிளைவீலின் நடுவிலுள்ள சிறிய வழிகாட்டிப் பெயறிங்கை ஐயுறுக. மிதியைத் தொடாதபோது இரைந்து, அழுத்தியவுடன் அடங்கும் ஓசை கியர்ப் பெட்டியின் முன் பெயறிங்கினது. கிளச்சை மாற்றுவதால் அது தீராது. மிதியை முழுதும் அழுத்தியும் கியர் கரகரத்து விழுமாயின் கிளச்சு முற்றாக விடுபடவில்லை என்பது பொருள். சுயாதீன அசைவு மிகுந்திருத்தல், தட்டு வளைந்திருத்தல், நீண்டநாள் மழையில் நின்ற இயந்திரத்திற் தட்டுத் துருவேறிப் பிளைவீலுடன் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியன இதற்குக் காரணமாகலாம்.

ஆயத்தம்

கிளச்சுத் தட்டு, விடுவிப்புப் பெயறிங், வழிகாட்டிப் பெயறிங், பிளைவீலின் முன்னும் கியர்ப் பெட்டியின் வாயிலும் உள்ள எண்ணெய்ச் சீல்கள் ஆகியவற்றை ஒருங்கே வாங்கி வைத்திருத்தல் சிக்கனமாகும். பெயறிங்கின் விலையை மிச்சப்படுத்தியவர், ஆறு மாதத்தின் பின் அதற்காகவே இயந்திரத்தை மறுபடியும் இரண்டாகப் பிரிக்க நேரும். உறையும் அழுத்தத் தட்டும் சேர்ந்த தொகுதியைப் பார்த்த பின்னரே மாற்றுவதா வேண்டாமா எனத் தீர்மானிக்கலாம். பழைய தட்டைக் கழற்றிக் கொண்டுபோய், புதிய தட்டின் விட்டத்தையும் பள்ளவரிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு வாங்குவது தவறுகளைத் தவிர்க்கும்.

தரை சமமானதாயும் கடினமானதாயும் இருத்தல் வேண்டும். மண் தரையில் ஜக்கு அமிழ்ந்து சாயும். எஞ்சினைத் தாங்குவதற்கு முதிர்ந்த மரக்கட்டைகளை அடுக்குக. சீமெந்துக் கல்லும் செங்கல்லும் திடீரெனப் பிளக்கும் இயல்புடையன. அவற்றை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. மாமரக் கிளையிற் சங்கிலிக் கப்பியைக் கட்டி எஞ்சினைத் தூக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. கிளையின் உள்ளே கறையான் எவ்வளவு தின்றிருக்கிறதென்பது வெளியே தெரியாது.

பிரித்தல்

முதலிற் பற்றரியை முற்றாகக் கழற்றி அப்பால் வைக்க. பின்னர் முன் அச்சைக் கவனிக்க வேண்டும். உழவு இயந்திரத்தின் முன் அச்சு நடுவிலுள்ள ஓர் ஆணியில் ஊசலாடும் வண்ணம் அமைந்தது. மேடுபள்ளங்களிற் செல்வதற்காக அவ்வாறு செய்யப்பட்டுள்ளது. இயந்திரம் முழுதாயிருக்கும்போது பின் சில்லுகள் அதனை நிமிர்த்தி வைக்கின்றன. பின்பாகத்தைப் பிரித்த கணமே, எஞ்சின் அந்த ஓர் ஆணியின்மேல் நின்று பக்கவாட்டிற் கவிழக்கூடும். ஆதலால் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இரு புறமும் மர ஆப்புகளை இறுக அடித்தல் வேண்டும். இதனைச் செய்து முடிக்காமல் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும் போல்ற்றுகளில் ஒன்றையேனும் தளர்த்தலாகாது. அருகே பிள்ளைகள் விளையாடுவதற்கும் இடங்கொடாதீர்கள்.

மூடியைக் கழற்றியபின், எஞ்சினுக்கும் பின்பாகத்துக்கும் இடையே செல்லும் இணைப்புக்கள் யாவற்றையும் ஒவ்வொன்றாக விடுவிக்க. எரிபொருட் குழாய், வேகக் கட்டுப்பாட்டுக் கோல், எஞ்சினை நிறுத்தும் கம்பி, வெப்பமானி, மின் வயர்கள், ஸ்ராட்டரின் தடித்த வயர், சுக்கான் இணைகோல்கள் ஆகியன அவற்றுள் அடங்கும். முன் அச்சிலிருந்து பின்னோக்கிச் செல்லும் தாங்கு கோல்கள் இருப்பின் அவற்றையும் கழற்றுக. வலுச் சுக்கான் பொருத்தப்பட்ட இயந்திரமாயின் அதன் எண்ணெய்க் குழாய்களைக் கழற்றி, வாயைத் துணியாலன்றி நல்ல மூடிகளால் அடைக்க. துணியின் நூலிழை குழாயினுள்ளே சென்றால் வேறொரு பழுதுக்கு வித்தாகும். ஒவ்வொரு வயருக்கும் அடையாளத் துண்டு கட்டுவதும், போல்ற்றுகளை அவை வந்த துவாரத்திலேயே இரண்டு சுற்றுச் செலுத்தி வைப்பதும், பின்னர் பூட்டும்போது அரைநாள் வேலையை மிச்சமாக்கும்.

எஞ்சினை அசையாது நிறுத்திவிட்டுப் பின்பாகத்தை உருட்டுவதே எமது பரிந்துரையாகும். சுக்கான் இணைகோல்களைக் கழற்றியபின் முன் சில்லுகள் தன்பாட்டுக்குத் திரும்புமாதலால், முன்பாகத்தை நேராக உருட்டுவது கடினம். பின்பாகமோ இரண்டு பெருஞ் சில்லுகளின்மேல் நேரே செல்லும். எஞ்சினின் அடியிற் கட்டைகளை அடுக்கி நிறையைத் தாங்கச் செய்க. அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி மெல்லிய தகட்டாலானதாயின் ஜக்கை நேரே அதன்மேல் வைக்காது, தடித்த பலகையொன்றை இடையே இடுக. கியர்ப் பெட்டியின் முன்பக்கத்துக்கு அடியில் உருளும் ஜக்கொன்றை வைத்து, நிறையை மட்டாகத் தாங்கும்வரை உயர்த்துக. முன் சில்லுகளுக்குத் தடை வைத்து, கியரை நடுநிலையில் இட்டு, பின் பிரேக்கை விடுவிக்க.

இணைக்கும் போல்ற்றுகள் யாவும் கழன்றபின்னரும் இரு பாகங்களும் ஒட்டியே நிற்கும். இடைவெளியிற் கடப்பாரையைச் செலுத்திப் பலமாக நெம்புதல் கூடாது, முகங்கள் காயப்படும். ஜக்கைச் சிறிது ஏற்றியும் இறக்கியும் பார்த்தால், பொருந்து முகங்கள் இணைகரமாய் நிற்கும் உயரத்தில் அவை தாமாகவே விடுபடும். பின்பாகத்தை இரண்டு அடி தூரம் உருட்டிச் சில்லுகளுக்கு இருபுறமும் தடை வைக்க. பின்னர் கியர்ப் பெட்டியின் அடியிலும் கட்டை அடுக்குக. ஜக்கு உயர்த்துவதற்கேயன்றித் தாங்கி நிற்பதற்கன்று.

உள்ளே பார்க்க வேண்டுவன

கிளச்சு உறையினுள்ளே கரிய தூசி படிந்திருக்கும். பழைய லைனிங்குகள் பல கல்நார் கலந்து செய்யப்பட்டவை. அத்தூசியை நுரையீரலுக்குள் இழுத்தவர்க்குப் பல ஆண்டுகள் கழித்து ஆறாத நோய்கள் தோன்றுகின்றன. ஆகவே காற்றடித்தோ தூரிகையாற் தட்டியோ துப்புரவாக்குதல் முற்றாக விலக்கப்பட வேண்டியது. நீரில் நனைத்த துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அகற்றுக. தூசிக்குரிய முகமூடி அணிதல் அவசியம். கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது போதாது.

உறையையும் பிளைவீலையும் சேர்த்து ஓர் அடையாளம் பொளிந்துவிட்டு, உறையின் போல்ற்றுகளை எதிரெதிராக, ஒரு முறைக்கு அரைச் சுற்றாகத் தளர்த்துக. ஒன்றை மட்டும் முற்றாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குச் செல்வோர் உறையை வளைத்துவிடுவர். தட்டின் எந்த முகம் பிளைவீலை நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்க. இரட்டைக் கிளச்சாயின் முழுத் தொகுதியையும் ஒன்றாகக் கழற்றுவதோடு நின்றுவிடுங்கள். அதன் உள்ளே அடங்கியுள்ள விற்களின் அழுத்தம் மிகப் பெரிது. அதனைப் பிரித்துச் சேர்ப்பதற்கும் விரல்களின் உயரத்தைச் சரி செய்வதற்கும் உரிய கருவி வேண்டும். ஆகையால் அவ்வேலையை அனுபவமுள்ள திருத்தகத்திடம் விடுவதே தக்கது.

தறையாணிகளின் தலைகள் லைனிங்கின் முகத்தோடு சமமாகும் நிலையை நெருங்கியிருந்தாற் தட்டின் ஆயுள் முடிந்தது. ஆனால் தேயாத தட்டும் எண்ணெய் பட்டால் வழுக்கும். அவ்வாறு ஊறிய லைனிங்கைப் பெற்றோலிற் கழுவி மீண்டும் பூட்டுவோர் உளர். வெப்பம் ஏறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் வெளியே கசியுமாதலால் அது வீண் முயற்சி. எண்ணெய் எங்கிருந்து வந்ததென்பதே முக்கியமானது. கருமையாய், இளகியதாய் பிளைவீலின் பக்கமிருந்து வருவது எஞ்சின் எண்ணெய். தடிப்பாய், தனி மணம் வீசிக் கியர்ப் பெட்டித் தண்டின் வழியே வருவது கியர் எண்ணெய். அதற்கேற்பச் சீலை மாற்றுக. எண்ணெய் கசிந்தபடியே புதிய தட்டைப் பூட்டினால், ஒரு போகத்துக்குள் அதுவும் கெடும்.

சேற்றுழவு செய்யும் எமது கமக்காரர் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. கிளச்சு உறையின் அடியில் நீரும் எண்ணெயும் வடிவதற்கெனச் சிறு துவாரம் விடப்பட்டுள்ளது. பிளவாணியொன்று அதிலே தொங்கி ஆடுவதாற் துவாரம் அடைபடாதிருக்கும். ஆழ்ந்த சேற்றில் உழுதபின் அது அடைபட்டால், உள்ளே புகுந்த நீர் தேங்கித் தட்டைத் துருவேற்றும். பிளவாணி விழுந்துவிட்டதெனின் புதியதொன்றை இடுக.

பிளைவீலின் முகத்தை விரலாற் தடவிப் பாருங்கள். நீல நிறத் தழும்புகள் மிகு வெப்பத்தைக் காட்டுவன. மயிரிழை போன்ற வெடிப்புக்கள் ஆழமாயிருப்பினும், தறையாணி உழுத பள்ளங்கள் இருப்பினும், அதனைக் கழற்றிக் கடைச்சல் பட்டறையில் முகஞ்சீவுவித்தல் வேண்டும். அழுத்தத் தட்டுக்கும் இச்சோதனையே. விடுவிப்புப் பெயறிங்கைச் சுழற்றும்போது கரகரப்பு இருந்தால் எறிந்துவிடுக. அதனைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்துக் கழுவலாகாது; உள்ளே அடைத்து மூடப்பட்ட கிறீஸ் கரைந்துபோம்.

மீளப் பொருத்துதல்

புதிய தட்டை முதலிற் கியர்ப் பெட்டித் தண்டிற் செருகிப் பார்க்க. அது தடையின்றி முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லுதல் வேண்டும். பள்ளவரிகளில் மிக மெல்லியதாக வெப்பந் தாங்கும் கிறீஸைப் பூசி, மிகுதியைத் துடைத்துவிடுக. அதிகமாய் இட்டது சுழற்சியில் லைனிங்கின்மேல் தெறிக்கும். லைனிங்கை எண்ணெய்க் கையாற் தொடாதீர்கள்.

தட்டை உறையினுள் வைத்துப் பூட்டும்போது அது பிளைவீலின் மையத்தில் நிற்பது இன்றியமையாதது. மையம் விலகினாற் கியர்ப் பெட்டித் தண்டு வழிகாட்டிப் பெயறிங்கினுள் நுழையாது. இதற்கெனப் பழைய தண்டொன்று கிடைத்தால் நன்று. இல்லையேல், ஒரு தச்சரிடம் வைரம் பாய்ந்த மரத்தில் ஒரு கோல் கடைவிக்கலாம்: அதன் நுனி வழிகாட்டிப் பெயறிங்கின் துவாரத்துக்கும், நடுப்பகுதி தட்டின் குடத்துக்கும் ஆடாமற் பொருந்துதல் வேண்டும். அதனைச் செருகியபடியே உறையின் போல்ற்றுகளை, முன்னர் கூறியவாறு எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குக. இறுக்க அளவுக்கு இயந்திரத்தின் கைந்நூலைப் பார்க்க. முடிந்ததும் விரல்களின் உயரம் யாவும் ஒத்திருக்கிறதா என அளந்து பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தாற் கிளச்சு அதிர்ந்தே பிடிக்கும்.

இரு பாகங்களையும் சேர்ப்பதே பொறுமையைச் சோதிக்கும் கட்டமாகும். தலை வெட்டிய நீண்ட போல்ற்றுகள் இரண்டை எஞ்சினின் இரு பக்கத் துவாரங்களிலும் பூட்டினால், அவை வழிகாட்டும் ஆணிகளாய் உதவும். ஜக்கினால் உயரத்தைச் சரி செய்து, பின்பாகத்தை மெதுவாக முன்னே உருட்டுக. தண்டின் பள்ளவரிகள் தட்டினுடையவற்றோடு முட்டி நிற்குமாயின், ஒருவர் பிளைவீலைச் சிறிது சிறிதாகத் திருப்ப, மற்றவர் மெல்லத் தள்ளுக. இடைவெளி கைத்தள்ளலினாலேயே முற்றாக மூடுதல் வேண்டும். அரை அங்குலம் மீந்திருக்கையில், போல்ற்றுகளை இறுக்கி இழுத்துவிடலாம் என்று எண்ணுவதே இவ்வேலையிற் செய்யப்படும் பெருந் தவறு. பள்ளவரிகள் பொருந்தாது நிற்கும்போது இழுத்தாற் தட்டின் குடம் வளையும். அல்லது உறையின் காது உடையும். பின்பாகத்தைச் சற்றே பின்வாங்கி மீண்டும் முயல்க. இடைவெளிக்குள் விரலை வைத்துத் துவாரம் தேடுதல் கூடவே கூடாது. அதற்கு மெல்லிய இரும்புக் கோலைப் பயன்படுத்துக.

போல்ற்றுகள் யாவும் பூட்டி இறுக்கப்பட்ட பின்னரே ஆப்புகளையும் கட்டைகளையும் அகற்றலாம். சுக்கான் இணைகோல்களின் நட்டுகளுக்குப் பிளவாணி இட்டதை இருவரும் தனித்தனியே பார்த்துக்கொள்க.

சீராக்கலும் பின் கவனமும்

மிதியின் சுயாதீன அசைவைக் கைந்நூல் கூறும் அளவுக்கு இணைகோலாற் சரி செய்க. சில இயந்திரங்களில் அதனை மிதியின் நுனியிலும், வேறு சிலவற்றிற் கிளச்சு நெம்பின் அருகிலும் அளப்பர். எவ்விடத்தில் அளக்க வேண்டுமென்பதை அறியாது அளவை மட்டும் கேட்டறிவதாற் பயனில்லை. பின்னர் எஞ்சினை இயக்கி, மிதியை அழுத்திக் கியர்கள் ஓசையின்றி விழுகின்றனவா எனப் பார்க்க. முதல் நாளிற் பாரமேற்றிய இழுவைப் பெட்டியையோ சேற்றுழவையோ தொடங்காது, இலேசான வேலையையே கொடுங்கள். புதிய லைனிங் முகம் பதிந்ததும் சுயாதீன அசைவு மாறுமாதலால், சில நாள் வேலையின் பின் அதனை மறுபடியும் அளந்து சீராக்கல் வேண்டும்.

இனி, கிளச்சுத் தட்டு ஒருவருக்குப் பல போகம் நிற்பதும் மற்றொருவருக்கு ஒரு போகத்திலேயே எரிவதும் ஏனென்று கேட்கலாம். பெரும்பாலும் சாரதியின் இடக்காலே அதற்குக் காரணம். மிதியின்மேற் காலை வைத்தபடியே உழுபவர், தாம் அறியாமலே விற்களின் பிடியைத் தளர்த்துகிறார். சேற்றிற் சில்லு புதைந்தபோது எஞ்சினை இரையவிட்டு, மிதியைப் பாதி அழுத்தியும் விட்டும் ஏற முயல்பவர் சில நிமிடத்திற் புதிய தட்டையும் கருக்கிவிடுவார். அவ்வேளையிற் கருவியை உயர்த்தித் தாழ்ந்த கியரில் முயல்க. இயலாவிடின் வேறோர் இயந்திரத்தால் இழுப்பிக்க. கூலிக்குச் சாரதி அமர்த்தியுள்ள கமக்காரர், முதல் நாள் வயலோரம் சிறிது நேரம் நின்று, அவரது இடக்கால் எங்கே இருக்கிறதென்று பார்த்துக்கொள்வது நன்று.